நாற்பது நாள் சாட்சி

என்னை எவனும் ஏமாற்ற முடியாது. டவுன் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். முதலில் நடத்துநர்கள் போனார்கள், அப்புறம் ஓட்டுநர்களும் போனார்கள். பஸ் தானாக ஓட ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. செக்கரை மட்டும் அவர்களால் தூக்க முடியவில்லை. எந்த மெஷின் வந்தாலும் அதை ஏமாற்ற நம் ஆட்களுக்கு ஒரு வாரம் போதும். செத்துப்போன மாமனாரின் மூத்த குடிமக்கள் அட்டையைக் கைக்கடிகாரத்துக்குள் ஒட்டிக்கொண்டு ஏறிய ஆளை எந்தக் கேமரா பிடித்தது? இந்த சௌந்தரபாண்டிதான் பிடித்தேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான். அது போதும் எனக்கு.

அப்படிப்பட்ட என் வீட்டுக்குள் அந்தப் பெட்டி வந்தது.

என் மகள் நிறைமதிக்குத் தூத்துக்குடியில் கடல்நீர்ப் பொறியியல் படிக்க சீட் கிடைத்திருந்தது. ஐந்து வருடப் படிப்பு. திண்டுக்கல்லில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒப்பந்தச் சம்பளக்காரன் அந்தக் கட்டணத்தை எங்கே போய்ப் புரட்டுவான்? கடன் கிடைக்காவிட்டால் சீட்டும் கிடையாது. கல்விநிதி வாரியத்தில் விண்ணப்பம் போட்டோம். ஜாமீன் கேட்கவில்லை, சொத்துப் பத்திரம் கேட்கவில்லை, வருமானச் சான்றிதழ்கூட வேண்டாம் என்றார்கள். அப்போதே எனக்கு உறுத்தியது. கவர்ன்மென்ட் பேப்பர் கேட்கவில்லை என்றால் அதைவிடப் பெரிதாக ஏதோ கேட்கப்போகிறது என்று அர்த்தம்.

வாரியத்திலிருந்து ஜெயசீலி என்ற அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும், நிதானமான பேச்சு. சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கருவியை எங்கள் நடு அறையில் ஃபிரிட்ஜுக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

“கேமராவா மேடம்?” என்றேன்.

“கேமரா இல்ல சார். காது மட்டுந்தான்.”

“எங்க வீட்டுப் பேச்ச எதுக்குக் கேக்கணும்?”

“முன்னாடியெல்லாம் சான்றிதழ் வாங்குனோம். பங்களாக்காரருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் ஒரே வருமானம் போட்டுக் கொண்டு வந்தாங்க. அது போகட்டும். கடன வாங்கிட்டுப் பாதியில படிப்ப விட்டவங்கதான் ஜாஸ்தி. யாரு முடிப்பா, யாரு விடுவான்னு எந்தப் பேப்பர்லயும் இல்ல சார். வீட்ல பேசிக்கிறதுல இருக்கு. இது நாப்பது நாள் கேக்கும். தெனமும் ஒரு நம்பர் காட்டும். நாப்பதாவது நாள் எழுபதோ அதுக்கு மேலயோ இருந்தா கடன் உண்டு.”

“எழுபதுக்குக் கீழ போனா?”

“இல்ல.”

“எதப் பேசுனா ஏறும், எதப் பேசுனா எறங்கும்?”

அவர் சிரித்தார். “அதச் சொல்லிட்டா நடிக்க ஆரம்பிச்சுருவீங்க. வழக்கம்போல இருங்க. நம்பர் எழுபதுக்குக் கீழ எறங்குனா ஒரு தடவ ஆபீசுக்கு வந்து விளக்கம் கேக்கலாம். அதுக்கு முன்னாடி எனக்கும் சொல்ல அனுமதி இல்ல. உங்க பேச்ச மனுசங்க யாரும் கேக்க மாட்டோம். கேட்டதும் அது அழிச்சுரும். நம்பரும் தேதியும் மட்டுந்தான் எங்களுக்கு வரும்.”

“யாரும் கேக்காத பேச்ச அது மட்டும் எதுக்குங்க கேக்குது?” என்றாள் என் மனைவி சுகந்தி. ஜெயசீலி காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

எங்கள் தெருவில் அதற்குச் சாட்சிப் பெட்டி என்று பெயர். ஏற்கெனவே மூன்று வீடுகளில் வந்து போயிருந்தது. முதல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் செய்தி வாசிப்பதுபோலத்தான் பேசிக்கொண்டோம். “சாப்பிட வாருங்கள்” என்றாள் சுகந்தி. கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்த ‘வாருங்களை’ நான் கேட்டதே இல்லை. மதிக்குச் சிரிப்புத் தாங்காமல் புரையேறியது. மூன்றாவது நாள் பெட்டியின் முகத்தில் பச்சை எழுத்தில் முதல் நம்பர் வந்தது: எண்பத்தொன்று. சுகந்தி சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். நானும், பெட்டி பரவாயில்லை, ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது நாள் அது எண்பது ஆனது.

ஒரு நம்பர்தானே என்று விட்டிருக்கலாம். என்னால் முடியாது. பஸ்ஸில் ஒரு டிக்கெட் குறைந்தால் ஐம்பது பேரையும் எழுப்பி நிற்க வைக்கிறவன் நான். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன்; முந்தின ஏழு நாளில் நடந்ததையும் ஞாபகத்திலிருந்து சேர்த்துக்கொண்டேன். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எத்தனை மணிக்கு. மதியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“நேத்து யாருகிட்டயாச்சும் படிப்பப் பத்திப் பேசுனியா?”

“இல்லப்பா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. போன்ல?”

“சௌமியாகிட்ட ஹாஸ்டல் பத்திப் பேசுனேன்.”

“என்ன பேசுன? அப்படியே சொல்லு.”

“ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி இருக்கும்னு கேட்டா. தெரியலன்னேன். அவ்ளோதான்ப்பா.”

தெரியல என்றாளாம். இப்படிப் பேசினால் இறங்காமல் என்ன செய்யும்? விசாரித்தேன், பதில் திருப்தி இல்லை என்று நோட்டில் எழுதினேன். மறுநாள் எழுபத்தொன்பது.

பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. சுகந்தியின் தம்பி தினகர் வந்தான். கோழி எடுத்து வந்திருந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவன், ஃபிரிட்ஜுக்கு நேர் கீழே நின்றுகொண்டு சொன்னான்: “அஞ்சு வருசம்னா ரொம்ப நீளம்ல மாமா? மூணு வருசத்துல முடியற மாதிரி எதாச்சும் போட்டு விட்டா கல்யாணத்துக்கும் தோதா இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. நடு வீட்டில் நிற்க இத்தனை இடம் இருக்கும்போது அங்கே போய் நிற்பானேன்? அவன் மகளுக்கும் அடுத்த வருடம் இதே வாரியத்தில்தான் விண்ணப்பம். மாவட்டத்துக்கு இத்தனை கடன்தான் என்று ஒரு கணக்கு இருக்காமலா போகும்? அவனை வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

“மாப்ள, நாப்பது நாள் முடியறவரைக்கும் நீ இங்க வர வேணாம்.”

“என்ன மாமா சொல்றீங்க? நான் என்ன பண்ணுனேன்?”

“என்ன பண்ணுனேன்னு உனக்கே தெரியும்.”

அவன் என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சுகந்தி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மாமா வந்தபோது உன்னிடம் தனியாக என்ன சொன்னார் என்று மதியை ஒரு மணி நேரம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றே சாதித்தாள். மறுநாள் எழுபத்தாறு. பார்த்தாயா, நான் சொன்னது சரியாகப் போயிற்று, அவன் வேலைதான் என்று சுகந்தியிடம் சொன்னேன். ஆள் வராமல் போன பிறகும் நம்பர் ஏன் இறங்குகிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது எனக்கும் புரியவில்லை. அதனால் இன்னும் கூர்ந்து பார்த்தேன்.

பிறகு மதியின் மேல் கண் வைத்தேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். பெற்ற மகளையே பஸ்ஸில் ஏறின ஆளைப்போலப் பார்த்தேன். முன்பெல்லாம் சாயங்காலம் நான் வந்ததும் சமையலறைத் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டுவாள். இப்போது நான் வந்தால் புத்தகத்தோடு உள் அறைக்குப் போய்விடுகிறாள். எதை மறைக்கிறாள்? படிக்கப் போக இஷ்டமில்லையா? யாராவது இருக்கிறானா? ஒரு வெள்ளிக்கிழமை, அது இருபத்துநாலாவது நாள், மத்தியானம் கிளம்பிப் போய் நாலு மணிக்கு வந்தாள்.

“எங்க போயிட்டு வர்ற?”

“லைப்ரரிக்குப்பா.”

“யாரு கூட?”

“தனியாத்தான்.”

அவள் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அது போதும். லைப்ரரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்போதைக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதலில் ஆதாரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானே லைப்ரரிக்குப் போய், வெள்ளிக்கிழமை பூட்டித்தான் கிடந்தது என்று விசாரித்து உறுதி செய்துகொண்டு வந்து, இரண்டு பேரையும் நடு அறையில் உட்கார வைத்தேன்.

“வெள்ளிக்கிழம லைப்ரரி தொறந்துருந்துச்சா மதி?”

முகம் வெளுத்துப்போயிற்று அவளுக்கு.

“எங்க போன?”

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“உன்னத்தான் கேக்குறேன். எங்க போன? யாரப் பாத்த? அங்க போய் என்ன சொன்ன?”

“தப்பா ஒண்ணும் பண்ணலப்பா.”

“தப்பில்லாட்டி சொல்ல வேண்டியதுதான?”

“சொல்ல முடியாதுப்பா. விட்ருங்கப்பா, ப்ளீஸ்.” அப்புறம், எனக்குக் கேட்கிறதா இல்லையா என்ற குரலில், “வேணாம்னா நான் காலேஜ் போகல” என்றாள்.

“பாத்தியா, வாயில இருந்தே வந்துருச்சு!” என்று சுகந்தியைப் பார்த்துக் கத்தினேன். அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “நீங்கெல்லாம் ஒரு மனுசனா?” என்றாள். மறுநாள் காலையில் பெட்டியின் பச்சை எழுத்து சிவப்பாக மாறியிருந்தது. அறுபத்தெட்டு.

அதற்கப்புறம் எனக்கு ராத்தூக்கம் போனது. ஆபீசுக்குப் போய் விளக்கம் கேட்கலாம்தான்; ஆனால் அது ஒரே ஒரு தடவை, கையில் ஆதாரம் இல்லாமல் போய் அதை வீணாக்க எனக்கு மனமில்லை. சீட்டுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி ஆகஸ்ட் பதினான்கு. பெட்டியின் நாற்பதாவது நாள் ஆகஸ்ட் பதினொன்று. அதற்குள் நம்பர் ஏறாவிட்டால் என் மகளும் அவள் அம்மாவைப்போலப் பன்னிரண்டாவதோடு நிற்க வேண்டியதுதான். ஐயோ என்று அடித்துக்கொள்ளாத குறை.

முப்பத்தொன்றாவது நாள் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. பக்கத்து வீட்டு விமலா தயிருக்கு உறை வாங்க வந்தாள்.

“என்ன சுகந்தியக்கா, மதி கடல் தண்ணியக் குடிதண்ணியா மாத்தப் போகுதாமே! கெட்டிக்காரிதான்.”

“அட, நீ வேற. அது எங்க மாத்தப் போகுது? குடிச்ச டம்ளரக் கழுவி வெக்கத் துப்பில்ல. ஏதோ குருட்டாம்போக்குல மார்க் வந்துருச்சு. மொத பரீட்சையில முட்ட வாங்கிட்டுத் திரும்பி வராட்டிப் பாரு.”

கட்டிலில் படுத்திருந்தவன் துள்ளி எழுந்தேன். நோட்டைப் புரட்டினேன். அடப்பாவி! அத்தனையும் என் கையெழுத்தில்தான் இருந்தது. நாலாவது நாள், பால்காரரிடம்: ‘அதெல்லாம் ஒண்ணும் பெருசாப் படிக்காதுங்க.’ பதினோராவது நாள், போனில் அவள் சித்தியிடம்: ‘உருப்பட்டாத்தான் நெசம்.’ பதினெட்டாவது நாள், இருபத்திரண்டாவது நாள். மொத்தம் பத்தொன்பது தடவை. எல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். குற்றவாளி என் சமையலறையிலேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

விமலா போனதும் நோட்டை நீட்டினேன். “பாரு. உன் வாய்தான்டி நம்ம புள்ளயக் கவுத்துருக்கு.”

அவள் படித்தாள். “நான் எதுக்கு இப்படிச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியாதா? நாலு பேரு கண்ணு படக்கூடாதுன்னுதான?”

“எனக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியுமா? மெஷினுக்கு ஏது கண்ணு, ஏது திருஷ்டி? நீ சொன்னத அப்படியே எழுதிக்கும்.”

“பத்தாவதுல நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு,” என்றாள் சுகந்தி. எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவள் வாயால் முழுதாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். “எங்கப்பா பெருமை தாங்காம பஸ் ஸ்டாண்டுல எம் போட்டோவப் போட்டு ஃபிளெக்ஸ் வெச்சாரு. ஊரே பாத்து வாயப் பொளந்துச்சு. பதினெட்டே நாளு. லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. எழவு வீட்ல மழை வந்துருச்சுன்னு அந்த ஃபிளெக்ஸத்தான் அவுத்துட்டு வந்து பந்தல் மேல விரிச்சாங்க. அண்ணாந்து பாத்தா நானே சிரிச்சுக்கிட்டு இருக்கேன். எம் புள்ளைய நான் வாயால பாராட்ட மாட்டேன். என்னக் கேக்காதீங்க.”

நான் கேட்டேன். அதுவும் சாதாரணமாக இல்லை. மகள் வாழ்க்கையா உன் மூடநம்பிக்கையா என்று கேட்டேன். உன்னால் அவள் படிப்பு போனால் சாகும்வரை உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றேன். கடைசியில் அவள் எழுந்தாள். ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

“எம் மக கெட்டிக்காரி,” என்றாள். “பன்னெண்டு வயசுல, தண்ணி லாரி வராத மாசத்துல, துணி அலசுன தண்ணிய மண்ணு, கரி, கூழாங்கல்லுன்னு அடுக்கிப் பானையில வடிகட்டி வாசத் தெளிக்க ஊத்துனா. நான் சொல்லிக் குடுக்கல. அவளாச் செஞ்சா. எனக்குக் காய்ச்சல்னா பரீட்சை அன்னைக்கும் கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுத்தான் போவா. யாரையும் ஒரு வார்த்த நோகப் பேச மாட்டா. அவ மாதிரி ஒரு புள்ள எந்த வீட்லயும் இல்ல.” அதற்கு மேல் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள் அறைக் கதவோரம் மதி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கண்ணில் நீர் நிற்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி ஓடிப்போய் உப்பும் மிளகாயும் கையில் அள்ளிக்கொண்டு மகளைச் சுற்றிப்போட வந்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தேன். “இப்ப இத வேற பண்ணிக் கெடுக்காத. பெட்டிக்குப் புரியாது.” மிளகாய் தரையில் சிதறியது.

காலையில் பார்த்தேன். அறுபத்துமூன்று.

கொதித்துப்போய் நோட்டை எடுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன். ஜெயசீலி தன் மேஜையில் இருந்தார். நோட்டை அவர் முன்னால் போட்டேன்.

“எங்க ஊர் வழக்கம் தெரியாத மெஷினக் கொண்டு வந்து எங்க தலையெழுத்த எழுதச் சொல்றீங்களா? திருஷ்டிக்காக எம் பொண்டாட்டி சொன்னதையெல்லாம் நெசம்னு எடுத்துக்குச்சு உங்க பெட்டி. நேத்து மனசாரப் பாராட்டுனா, அதையும் நம்பல. இது என்ன நியாயம்?”

அவர் கோபப்படவில்லை. “ஒக்காருங்க சார். இந்தப் பெட்டி நாலு லட்சம் வீட்ல இருந்துட்டு வந்துருக்கு. நம்ம ஊரு அம்மாக்கள் புள்ளைய வாயால பாராட்ட மாட்டாங்கன்னு அதுக்கு நல்லாவே தெரியும். எங்கம்மா என்னைய இன்னைக்கும் தண்டம்னுதான் சொல்லும். அதுக்கு மார்க்கெல்லாம் கொறையாது.”

“அப்புறம் எதுக்குக் கொறஞ்சுச்சு?”

“எழுபதுக்குக் கீழ வந்துட்டதால இப்ப சொல்லலாம். இது வார்த்தைய எண்ணாது சார். ஒருத்தர் பேசுனதுக்கு அப்புறம் புள்ளையோட குரல் என்ன ஆகுதுன்னு பாக்கும். சுருங்குதா, விரியுதான்னு. வீட்ல குரல் சுருங்கிப்போன புள்ளைங்கதான் ஹாஸ்டல்ல மொத தோல்வி வந்ததும் யாருகிட்டயும் சொல்லாம படிப்ப விடுதுங்க. பேச்சு என்கிட்ட இல்ல. தேதி மட்டும் இருக்கு.” கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “உங்க நோட்ட வெச்சே பாத்துருவோமா?”

பேனா முனையை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நாலாவது நாள், சுகந்தி பால்காரரிடம் சொன்னது: நம்பர் அப்படியே இருந்தது. பதினோராவது நாளும் அப்படியே. எட்டாவது நாள் ‘மதியை விசாரித்தேன், பதில் திருப்தி இல்லை’, மறுநாள் ஒன்று குறைவு. பன்னிரண்டாவது நாள் ‘ஒரு மணி நேரம் விசாரித்தேன்’, மறுநாள் மூன்று குறைவு. இருபத்தாறாவது நாள் ‘கையும் களவுமாகப் பிடித்தேன்’. முப்பத்தொன்றாவது நாள் ‘சுகந்தியைப் பேச வைத்தேன்’.

“மொத எறக்கம்?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “எட்டாவது நாள் காலையில ஒண்ணு கொறஞ்சுதே, அன்னைக்கு முன்னாடி நான் ஒண்ணுமே கேக்கலையே?”

“ஒண்ணு ரெண்டு தானா ஏறி எறங்கும் சார், நாடி மாதிரி. விட்டுருந்தா மறுநாள் ஏறியிருக்கும்.”

என் கைப்பட எழுதிய சாட்சி. வேறு யாராவது எழுதியிருந்தால் பொய் என்று சொல்லியிருப்பேன்.

“இன்னும் எட்டு நாள் இருக்கே மேடம். நான் வாயத் தொறக்காம இருந்துர்றேன்.”

“ஏழு ஏறணும் சார். நீங்க பேசாம இருந்தா, அப்பா எதுக்குப் பேசாம இருக்காருன்னு அவ பயப்படுவா. அதையும் அது கேக்கும்.” மேஜை இழுப்பறையைத் திறந்தார். “இத உங்ககிட்டக் காட்டக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. ஆனா இனி காட்டாம இருந்தா எனக்குத்தான் பாவம்.”

ஒரு படிவம். ‘இல்ல உறுப்பினர் நீக்கல்’ என்று மேலே அச்சிட்டிருந்தது. பெட்டி ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் நம்பரில் ஒருவர் குரலுக்குரியதை எடுத்துவிட்டு முதலிலிருந்து கூட்டச் சொல்லும் விண்ணப்பம். நீக்கப்படுபவர் என்ற இடத்தில் என் பெயர். உறவு: தந்தை. மதியின் உருண்டைக் கையெழுத்து. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. இருபத்துநாலாவது நாள்.

“அன்னைக்கு இங்கதான் வந்தாளா?”

“நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கேள்வி கேக்குறப்பல்லாம்தான் எறங்குதுன்னு அவளே கண்டுபிடிச்சுட்டு வந்தா. வழி இருக்கான்னு கேட்டா. படிவம் கேக்குறவங்களுக்குக் குடுத்தாகணும், அதனால குடுத்தேன். பேனாவெல்லாம் தொறந்துட்டா. அப்புறம் விதியப் படிச்சா. நீக்குனவர் குரல் அந்த வீட்ல கேக்கக்கூடாது, படிப்பு முடியற அஞ்சு வருசமும். வருசா வருசம் பெட்டிய வெச்சுத்தான் அடுத்த தவணைய விடுவாங்க. அவர் வெளியதான் இருக்கணும். அதப் படிச்சதும் பேனாவ மூடிட்டா. ‘அப்பா எங்க மேடம் போவாரு, அவருக்கு எங்களத் தவிர யாரு இருக்கா’ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நீங்க பாத்தா மனசு ஒடஞ்சுருவீங்கன்னு, கிழிச்சுப் போடச் சொன்னா. நான்தான் கிழிக்கல.”

அவள் எதையோ மறைக்கிறாள் என்று நான் கண்டுபிடித்தது சரிதான். இத்தனை வருட அனுபவம் பொய்க்கவில்லை. இதைத்தான் மறைத்திருக்கிறாள். இதைச் சொல்லச் சொல்லித்தான் அவளை உட்கார வைத்து உலுக்கியிருக்கிறேன். படிப்பே போனாலும் போகட்டும், அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று அவள் முடிவெடுத்து எட்டு நாள் ஆகிறது. யார் பார்த்தால் என்ன என்று அங்கேயே அழுதேன்.

“யாராச்சும் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதுமா மேடம்?”

“விண்ணப்பதாரர், இல்லேன்னா நீக்கப்படறவர். ரெண்டுல ஒண்ணு. வேற வழி ஏதும் இருந்தா நானே சொல்லியிருப்பேன் சார்.”

போட்டேன். ஜெயசீலி அதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினார். நம்பர் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. திரையை அவர் என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். எண்பத்தேழு. நான் இருந்த வீட்டில் முதன்முதலில் வந்த நம்பரைவிட ஆறு அதிகம்.

வீட்டுக்குப் போகவில்லை. போனால் ஒரு வார்த்தையாவது பேசிவிடுவேன். டிப்போ ஓய்வறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. மானேஜரிடம் சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மதி போன் செய்தாள். போன் முழுதாக அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தது. எடுத்தேன்.

“அப்பா, எங்கப்பா இருக்கீங்க? மத்தியானம் சாப்பிடக்கூட வரல?”

“திடீர்னு வெளியூர் டூட்டி போட்டுட்டாங்கம்மா. ராமநாதபுரம் பக்கம். கொஞ்ச நாள் ஆகும்னு நெனக்கிறேன்.”

டவுன் பஸ் செக்கருக்கு ராமநாதபுரத்தில் என்ன டூட்டி? சின்னக் குழந்தைகூட நம்பாது. அந்தப் பக்கம் தண்ணி லாரியின் ஹாரன் கேட்டது, அதை முந்திக்கொண்டு ஒரு ஆட்டோ போனது, விமலா யாரையோ குடத்தை நகர்த்தச் சொல்லிக் கத்தினாள். என் மகள் எப்போதும் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு போன் பேசுகிறவள். இன்று பெட்டியின் காதுக்கு என் குரல் எட்டாமல் நடுத்தெருவுக்கு வந்து நின்று என்னோடு பேசுகிறாள்.

“சரிப்பா,” என்றாள். குரல் உடைந்தது, ஆனால் சுருங்கவில்லை. “சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்புடுங்க. தெனமும் இதே நேரத்துக்குப் பண்ணுவேன். எடுக்கணும், என்ன?”

எங்கே நிற்கிறாய், ஏன் வெளியே வந்தாய், யார் சொன்னார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.